மிதந்து போன 43 டப்பா

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வந்த பேச்சும் இருமலும் நீக்கப்பட்டுள்ளன.)

வழக்கமா இந்த இடத்துல கோடிங், வேலை, இன்டர்வியூன்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு என்ஜின் ஆயில். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

போன மாசம் ஆத்தூர் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். காலேஜ் கடைசி வருஷம். "அண்ணா, என்ஜின் ஆயில் டைரக்ட் செல்லிங் டீலர்ஷிப் ஒண்ணு வருது. கடை வேண்டாம், வாடகை வேண்டாம், ஆரம்பச் சரக்கு மட்டும் எடுத்தா போதும்கிறாங்க. சேரலாமா? உங்களுக்கு இதெல்லாம் தெரியுமான்னு தெரியல." தெரியும் தம்பி. உங்களுக்கு நான் அன்னைக்கே பதில் எழுதியிருக்கணும். எழுத உட்கார்ந்தா ஆறு வருஷக் கதை வந்து நிக்குது. அதனால இந்த எபிசோடே உங்களுக்கான பதில்.

எங்க ஊர் கொற்கை. பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க, பாண்டியர் துறைமுகம், முத்து. கிரேக்க மாலுமி எழுதின பெரிப்ளூஸ்ல 'கொல்கி'ன்னு வருது, அங்க முத்துக் குளிக்கிற வேலைக்குத் தண்டனைக் கைதிகளை இறக்கினாங்கன்னும் வருது. இன்னைக்கு வந்து பார்த்தா கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. ஒரு வன்னி மரம், குளம், வெற்றிவேலம்மன் கோயில், சுத்தி வாழைத்தோட்டம். வாழை இருக்குன்னா வண்டி இருக்கும். தார் ஏத்துற டி.வி.எஸ். எக்ஸ்.எல்., இலைக்கட்டு ஏத்துற ஸ்ப்ளெண்டர், லோடு ஆட்டோ. இந்த வண்டிகளைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி கெட்டது.

2018-ல படிப்பு முடிஞ்சது. இ.சி.இ. அரியர் இல்ல, ஆனா வேலையும் இல்ல. எட்டு மாசம் வீட்டுல இருந்தேன். எட்டு மாசம்னா என்னன்னு ஊர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். காலையில பல் தேய்க்கும்போதே ஒருத்தர் கேட்பாரு, "என்ன மக்கா, ஒண்ணும் அமையலையா?" அந்த நேரத்துல காலேஜ் சீனியர் ஒருத்தர் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டார். ஒரு ஹோட்டல் ஹால். ஞாயிற்றுக்கிழமை. மேடையில கோட் போட்டவர் ஒருத்தர். "இங்க யாருக்கெல்லாம் சொந்தக் கார் வேணும்? கையைத் தூக்குங்க." எல்லாரும் தூக்கினோம். வேண்டாம்னு யார் சொல்லுவா? கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்ல, கேட்காதீங்க.

திட்டம் இதுதான். ஃபுல் சிந்தெடிக் என்ஜின் ஆயில், ஒரு லிட்டர் டப்பா. எங்களுக்கு 560 ரூபாய், டப்பாவுல போட்டிருக்கிற விலை 790. வித்தா நடுவுல இருக்கிறது நமக்கு. ஆரம்பத்துல 20 டப்பா எடுக்கணும். அப்புறம் மாசம் 9 டப்பாவாவது எடுத்தாத்தான் 'ஆக்டிவ்'. ஆக்டிவா இருந்தாத்தான் நமக்குக் கீழே சேர்றவங்க எடுக்கிற சரக்குல நமக்குப் பங்கு. மேல இருக்கிறவர் அப்லைன், கீழ இருக்கிறவர் டவுன்லைன்.

அந்த மீட்டிங்ல ஒரு அமெரிக்கக் கதை சொன்னாங்க. கதை என்னமோ உண்மை. ஆல் அமாட்டூசியோன்னு ஒரு போர் விமானி. ஜெட் என்ஜின்ல எல்லாம் சிந்தெடிக் ஆயில்தான் போடுறாங்க, காருக்கு ஏன் போடக்கூடாதுன்னு யோசிச்சவர். 1972-ல அவரோட ஆம்சாயில், அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டோட தரத்துல தேறின முதல் சிந்தெடிக் கார் ஆயிலா வந்தது. அதைக் கடை வழியா மட்டும் விக்காம, தனித்தனி டீலர்களை வச்சு வித்தார். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கம்பெனி அப்படித்தான் ஓடுது.

ஆனா அந்தக் கம்பெனி எந்த ஊர்ல இருக்குன்னு மேடையில யாரும் சொல்லல. நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் தேடிப் பார்த்தேன். விஸ்கான்சின் மாநிலம், சுப்பீரியர் நகரம். பெரிய ஏரிக்கரை, அமெரிக்காவோட வடக்கு ஓரம். குளிர்காலத்துல மைனஸ்ல போற ஊரு. அந்தக் குளிர்ல சாதா ஆயில் பாகு மாதிரி கெட்டியாயிடும், காலையில வண்டி கிளம்பாது. சிந்தெடிக் இளகி ஓடும். ஆயில் டப்பாவுல 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40ன்னு போட்டிருக்கு இல்லையா, அந்த டபிள்யூ 'விண்டர்'தான், குளிர்காலம். முதல் நம்பர் குறைய குறைய, குளிர்ல சுலபமா ஓடும்னு அர்த்தம். எங்க ஊர்ல மார்கழிப் பனியில தலையில துண்டு கட்டுறதோட சரி. அங்க வண்டிக்கு உயிர் காக்கிற குணம், இங்க வாங்கினவனுக்குத் தெரியவே தெரியாத குணம். தெரியாத குணத்துக்கு இருமடங்கு விலை கேட்டு நான் வீடு வீடா நின்னேன்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்க நிறைய பேர் வீட்டு ஷெட்டுலயே தங்கள் கையால ஆயில் மாத்துறாங்க. எந்த ஆயில்னு முடிவு பண்றது வண்டிக்காரர். அவர்கிட்ட நேரா போய் வித்தா அர்த்தம் இருக்கு. இங்க? ஏரல்ல உங்க வண்டியை விட்டுட்டு "அண்ணாச்சி, ஆயில் மாத்திருங்க"ன்னு சொல்லிட்டு டீக்கடைக்குப் போவீங்க. என்ன ஆயில் ஊத்தினார்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? முடிவு பண்றவர் மெக்கானிக். ஆயில் கம்பெனிகளுக்கு இது எப்பவோ தெரியும். அதனாலதான் மெக்கானிக்குக் கூப்பன், பரிசு, மீட்டிங்குன்னு செலவு பண்றாங்க. எங்களுக்கு மீட்டிங்ல சொல்லிக் கொடுத்தது நேர்மாறு: "மெக்கானிக் உங்க எதிரி, அவர்கிட்ட பேசாதீங்க, ஓனர்கிட்ட பேசுங்க."

நான் ஓனர்கள்கிட்ட பேசினேன். முதல் ஓனர் சித்தப்பா. ஸ்ப்ளெண்டர். நான் 5டபிள்யூ-30 டப்பாவைக் கொடுத்து, நானே பக்கத்துல நின்னு ஊத்த வச்சேன். கம்பெனி பிரசுரத்துல 'எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்'னு போட்டிருந்தது. பத்து நாள்ல சித்தப்பா இலைக்கட்டோட ஏரல் பாலத்து ஏத்தத்துல ஏறுறாரு, என்ஜின் இரையுது, வண்டி நகரல. பின்னால பஸ். கட்டை இறக்கி வச்சுட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டே மெக்கானிக் கடைக்குப் போயிருக்கார். எனக்கு போன் வந்தது. போனேன்.

அந்த மெக்கானிக் அண்ணாச்சியை உங்களுக்குக் கொஞ்சம் அறிமுகப்படுத்தணும். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அம்பது வயசு இருக்கும். கோபமே படமாட்டார், அதுதான் கஷ்டம். டப்பாவைத் திருப்பி என்கிட்டயே கொடுத்து, "தம்பி, படிச்ச பிள்ளைதான நீ, இதுல ஜாசோன்னு எங்கயாச்சும் போட்டிருக்கான்னு பாரு"ன்னார். இல்ல.

"காருல கிளட்ச் தனியா காஞ்சு கிடக்கும். பைக்குல கிளட்ச் பிளேட்டு இந்த ஆயில்லயேதான் முங்கிக் கிடக்கு. கார் ஆயில்ல வழுக்குறதுக்குன்னு மருந்து சேர்ப்பான். அது பிளேட்டையும் வழுக்க வச்சிரும்லா. பைக்குன்னா ஜாசோ எம்.ஏ.ன்னு போட்டிருக்கணும். பிரசுரத்தைப் படிக்காத, டப்பா முதுகைப் படி."

இ.சி.இ. படிச்ச நான் ஒரு வருஷம் என்ஜினைப் பத்தி ஊர் முழுக்க வகுப்பெடுத்திருக்கேன். டப்பா முதுகைப் படிக்கல.

சித்தப்பா பெருசா எடுத்துக்கல. ஆயில் இறக்கி வேற ஊத்தின அப்புறம் வண்டி சரியாயிடுச்சு. ஆனா அண்ணாச்சி அன்னைக்குச் சொன்ன இன்னொண்ணுதான் எனக்கு இன்னும் நிக்குது. நான் வீறாப்பா, "அண்ணாச்சி, இந்த ஆயில் 10,000 கிலோமீட்டர் தாங்கும். நீங்க 3,000-க்கு ஒருதரம் மாத்தச் சொல்லுதீங்க. அது உங்க லாபத்துக்குத்தான?"ன்னு கேட்டுட்டேன். அவர் கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "ஆமா, லாபம்தான். ஆனா ஆயில் மாத்த வந்தாத்தான் நான் பிரேக் ஷூ பார்ப்பேன், செயின் முறுக்குவேன், பின் டயர் வழுவழுன்னு ஆயிட்டான்னு பார்ப்பேன். சும்மா செக் பண்ணுன்னு எவன் வண்டியைக் கொண்டு வருவான்? நீ வருஷத்துக்கு ஒருதரம் வரச் சொல்லுத. அதுக்குள்ள பிரேக் தேஞ்சுரும்லா." எனக்குப் பதில் இல்ல. அவருக்கு ஆயில் ஒரு சரக்கு மட்டும் இல்ல, வண்டியைக் கண்ணால பார்க்கக் கிடைக்கிற ஒரு சாக்கு. அதைத்தான் எங்க பிரசுரம் 'மெக்கானிக் சதி'ன்னு எழுதியிருந்தது.

அன்னைக்கு ராத்திரி ஒரு ஷீட் போட்டேன். முதல்லயே போட்டிருக்க வேண்டிய ஷீட். கொஞ்சம் நம்பர் சொல்றேன், மனசுல ஓட்டிப் பாருங்க.

நான் ஆக்டிவா இருக்க மாசம் 9 டப்பா. வருஷத்துக்கு 108. ஒரு பைக்குக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். எங்க பக்கம் ஒருத்தர் தினம் 25 கிலோமீட்டர் ஓட்டுறார்னு வச்சா வருஷத்துக்கு 9,000 சொச்சம். சாதா ஆயில் மாதிரி 3,000-க்கு ஒருதரம் மாத்தினா வருஷத்துக்கு மூணு லிட்டர். அப்போ 108 டப்பா விக்க எனக்கு 36 வண்டி போதும். ஆனா நான் விக்கிறது 10,000 தாங்குற ஆயில். வருஷத்துக்கு ஒரு லிட்டர்தான் போகும். அப்போ 108 வண்டி வேணும். புரியுதா? என் ஆயில் எவ்வளவு நல்ல ஆயிலோ அவ்வளவு குறைச்சலா விக்கும். சோப்பு தீர்ந்துரும், பற்பசை தீர்ந்துரும், அடுத்த மாசம் திரும்ப வாங்கித்தான் ஆகணும். மாசாமாசம் இவ்வளவு எடுன்னு சொல்ற திட்டம் அந்த மாதிரிப் பொருளுக்குப் பொருந்தலாம். வருஷம் பூரா தீராதுன்னு சொல்லி விக்கிற பொருளுக்கு மாசக் கணக்கு எப்படிப் பொருந்தும்? தீராத பொருளை மாசாமாசம் வாங்குறது யாரு? டீலர் மட்டும்தான். நான்தான்.

எங்க தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்த்து எண்ணினேன். 64 வண்டி. அதுல 19 பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்., டூ ஸ்ட்ரோக். அதுல ஆயில் மாத்துற கதையே கிடையாது, பெட்ரோல்லயே 2டி ஆயில் கலந்து ஊத்துறது. மிச்சம் 45. இதுல எல்லாரும் எனக்கு விசுவாசமா இருந்தாக்கூட 108 வரல. எனக்குக் கீழே அஞ்சு பேரைச் சேர்க்கணும், அவங்க தலைக்கு அஞ்சு பேரைச் சேர்க்கணும்னு படம் போட்டுக் காட்டினாங்க இல்லையா, அஞ்சாவது வரிசையில மட்டும் 3,125 டீலர். ஒவ்வொருத்தருக்கும் 108 வண்டி. 3,37,500 வண்டி. அதுவும் அஞ்சாவது வரிசைக்கு மட்டும். ஏரல் பஜார்ல நின்னு எண்ணினா வருஷக்கணக்காகும்.

இதுல என் கணக்கு மட்டும் கெட்டிருந்தா நான் இந்த எபிசோடே பண்ணியிருக்க மாட்டேன். 20 டப்பா, அப்புறம் மூணு மாசம் ஒன்பது ஒன்பதா, மொத்தம் 47 டப்பா எடுத்தேன். சொந்தக்காரங்க தலையில கொஞ்சம், தூத்துக்குடியில ஒரு கடையில அடிமாட்டு விலைக்குக் கொஞ்சம்னு 40 போயிடுச்சு. ஏழு மிச்சம். போகட்டும்.

விஷயம் அத்தான். எங்க அக்கா வீட்டுக்காரர். லோடு ஆட்டோ ஓட்டுறார், ஏரல்லேர்ந்து தூத்துக்குடி மார்க்கெட்டுக்கு வாழைத்தார். என்ஜினை என்னைவிட நூறு மடங்கு அறிஞ்சவர். நான் போய்ப் பேசினப்போ டப்பாவைக் கையில வாங்கி ஆட்டிப் பார்த்தார். "எனக்கு இந்த வியாபாரம் பிடிபடல மாப்ளே. ஆனா நீ என்ஜினியரிங் படிச்ச பையன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்"ன்னார். நான் "ஆமா அத்தான்"னு சொன்னேன். ஒரே நேரத்துல 50 டப்பா எடுத்தா நேரா அடுத்த ரேங்க்னு ஒரு சலுகை ஓடிக்கிட்டு இருந்தது. 28,000 ரூபாய். அக்காவோட ரெண்டு வளையல் அடகுக்குப் போனது எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேனான்னு கேட்டா, சத்தியமா சொல்ல முடியல. அந்த 28,000-த்துல எனக்கு 2,100 ரூபாய் கமிஷன் வந்தது. என் வாழ்க்கையில முதல் வருமானம் அதுதான். அதுல ஒரு சட்டை வாங்கினேன்.

அத்தான் 14 டப்பா வித்தார், 600 ரூபாய் மேனிக்கு. அதோட நின்னுச்சு. கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கலாம்னு சீனியர்கிட்ட கேட்டேன். "நெகட்டிவா பேசாதே, மீட்டிங்குக்கு வா"ன்னார். அதுக்கப்புறம் போனே எடுக்கல. மிச்சம் 36 டப்பாவை அத்தான் ஆட்டோவுல கொண்டு வந்து எங்க வீட்டுத் திண்ணையில இறக்கினார். ஒரு வார்த்தை பேசல. எண்ணி வச்சுட்டு ஆட்டோவை எடுத்துட்டுப் போயிட்டார். வளையலை மீட்க அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ராத்திரி லோடெல்லாம் ஓட்டினார்.

தம்பி, இங்க சட்டம் கொஞ்சம் சொல்றேன். நான் அப்போ படிக்காதது. 1978-லேயே பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை பண்ற மத்திய சட்டம் இருக்கு. டப்பர்வேர் 1996-லயும் ஆம்வே 1998-லயும் இங்க வந்த அப்புறம், எது நேரடி விற்பனை, எது ஆள் பிடிக்கிற வேலைன்னு ரொம்ப நாள் குழப்பம். 2016 செப்டம்பர்ல மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை போட்டது. 2021 டிசம்பர் 28-ல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழே நேரடி விற்பனை விதிகளே வந்துடுச்சு. நான் சேர்ந்தப்போ 2016 நெறிமுறை இருந்தது. அதுலேயே இருக்கு: சேர்றதுக்குக் கட்டணம் வாங்கக்கூடாது. விக்க முடியிற அளவுக்கு மேல சரக்கை வாங்கச் சொல்லக்கூடாது. சேர்ந்த பிறகு மனசு மாறினா விலகிப் பணத்தைத் திரும்ப வாங்க ஒரு அவகாசம் கொடுக்கணும். விக்காத நல்ல சரக்கைத் திரும்ப எடுக்கணும். 36 டப்பா திண்ணையில இருந்தப்போ இந்தத் தாள் இன்டர்நெட்ல சும்மா கிடந்தது. நான் மோட்டிவேஷன் வீடியோ பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அமெரிக்காவுல ஆம்வே மேல ஃபெடரல் டிரேட் கமிஷன் போட்ட வழக்குல 1979-ல முடிவு வந்தது. அது பிரமிட் இல்லன்னு சொன்னாங்க. ஏன்னா அவங்க விதியில மூணு விஷயம் இருந்தது: எடுத்த சரக்குல 70 சதவீதம் கைமாறின அப்புறம்தான் அடுத்த ஆர்டர், மாசம் பத்து வெளி வாடிக்கையாளருக்காவது வித்திருக்கணும், விலகுறவங்ககிட்ட சரக்கைத் திரும்ப எடுக்கணும். அதே நேரம், வருமானத்தை ஊதிப் பெருக்கிச் சொல்றதை நிறுத்தச் சொல்லியும் உத்தரவு போட்டாங்க. உங்ககிட்ட வந்திருக்கிற கம்பெனியில இந்த மூணும் இருக்கான்னு கேளுங்க தம்பி. வாயால சொன்னா போதாது, ஒப்பந்தத் தாள்ல எந்தப் பக்கம்னு கேளுங்க. கேள்வி கேட்டதும் "நெகட்டிவ்"னு சொன்னாங்கன்னா அதுவே பதில்.

நேரடியா ஆயில் விக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல. சரக்கு எடுக்காம, ஆர்டர் வந்தா மட்டும் எடுத்துக் கொடுத்து, லாரி ஓனர், டிராக்டர் வச்சிருக்கிறவங்க, மெக்கானிக் கடைன்னு ஆளை அறிஞ்சு, டப்பா முதுகை வாசிச்சு விக்கிறவங்க பிழைப்பாங்க. ஒரு லாரி என்ஜின் ஒரு தடவைக்கே பத்து லிட்டருக்கு மேல குடிக்கும். அது வியாபாரம். என்னோடது சித்தப்பா.

சரி, மிச்சக் கதை. 2019 நடுவுல எனக்குச் சென்னையில வேலை கிடைச்சது. முதல் சம்பளத்துல 28,000-மும் எடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வாங்கல. "நீ எடுத்த கமிஷன் எவ்வளவு?"ன்னு கேட்டார். "2,100." "அதைக் கொடு." எண்ணி வாங்கிட்டார். "மிச்சம் 17,500. டப்பா உங்க வீட்லதான் இருக்கு. டப்பா வித்தா டப்பா காசைக் கொண்டா. உன் சம்பளக் காசு எனக்கு வேண்டாம்." அக்கா அடுக்களைக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம் நாலு வருஷம் நானும் அத்தானும் கல்யாண வீட்ல "வா", "சாப்பிட்டியா" அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17. மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்துல பயணிகளோட நின்னுச்சே, அதே மழை. ஆத்துத் தண்ணி ஏரல் பஜாருக்குள்ள, எங்க ஊருக்குள்ள. மேல தாமிரபரணி, கீழ குளம், நடுவுல நாங்க. எங்க வீட்ல அப்பாவும் அம்மாவும் மாடி வீட்டுக்காரங்ககிட்ட ஏறிட்டாங்க. எனக்கு ரெண்டு நாள் போன் கிடைக்கல. அதைப் பத்தி இன்னொரு நாள் பேசுறேன், இப்ப முடியாது.

நான் ஊர் போய்ச் சேர்ந்தப்போ தண்ணி வடிஞ்சு சேறு. திண்ணையோரம் சாய்ப்புல அடுக்கி வச்சிருந்த 43 டப்பாவும் இல்ல. ஆயில் தண்ணியைவிட லேசு இல்லையா, சீல் போட்ட பிளாஸ்டிக் டப்பா, அத்தனையும் மிதந்து கிளம்பிடுச்சு. அஞ்சு வருஷம் நகர மாட்டேன்னு உட்கார்ந்திருந்த சரக்கு. வாழைத்தோட்டத்துல, வேலியில, கோயில் மதில் ஓரத்துலன்னு சிக்கிக் கிடந்ததைத் தெருப் பையன்கள் பொறுக்கிக் கொண்டு வந்தாங்க. 31 டப்பா. சீல் உடையல.

ஏரல்ல அண்ணாச்சி கடையில வண்டிகள் வரிசை தெருமுனை வரைக்கும். எல்லாம் முங்கின வண்டி. முங்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, எந்த மழைக்கும் ஆகும். என்ஜினுக்குள்ள தண்ணி போயிருந்தா ஆயில் பால் காப்பி நிறத்துக்கு வந்துடும். அதை இறக்கணும், புது ஆயில் ஊத்திக் கொஞ்ச நேரம் ஓட்டணும், திரும்ப இறக்கணும். வெள்ளை போற வரைக்கும் ரெண்டு மூணு தடவை. அப்புறம்தான் நிரந்தர ஆயில். அதனால ஊர்ல ஆயில் தட்டுப்பாடு. கடைகள்ல இருந்த சரக்கும் முங்கியிருந்தது. நான் ஒரு சாக்குல 31 டப்பாவையும் போட்டு அண்ணாச்சி முன்னாடி வச்சேன்.

டப்பாவைத் திருப்பி முதுகைப் பார்த்தார். சிரிச்சார். "அதே கிளட்ச் வழுக்குற ஆயில்லா இது?"

"ஆமா அண்ணாச்சி. கழுவுறதுக்கு ஆகுமா?"

"கழுவ ஆகும். வழுக்கினா வழுக்கட்டும், இறக்கத்தான போறோம்."

சும்மா எடுத்துக்கோங்கன்னேன். கேட்கல. வண்டிக்காரங்ககிட்ட ஆயில் காசு வாங்கத்தான் செய்யுதேன், உனக்கும் கணக்கு உண்டுன்னு டப்பாவுக்கு 200 ரூபாய்னு நோட்டுல எழுதினார். மூணு நாள்ல 31-ம் தீர்ந்துடுச்சு. நான் ஒரு வருஷம் பேசி விக்க முடியாததை அவர் பேசாமலே தீர்த்தார். அந்த மூணு நாள் நானும் கடையில நின்னேன். ட்ரெய்ன் போல்ட் கழட்டுறது, பழைய ஆயிலைப் பேரல்ல ஊத்துறது. கையிலேர்ந்து அந்த வாடை போக ஒரு வாரம் ஆச்சு. பொங்கலுக்கு முன்னாடி 6,200 ரூபாய் கொடுத்துவிட்டார்.

அதை எடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஆட்டோ சீட்டைக் கழட்டி வெயில்ல காயப் போட்டுட்டு இருந்தார், அதுவும் முங்கின வண்டிதான். பணத்தை நீட்டி, "டப்பா காசு அத்தான்"னேன். வாங்கி எண்ணினார்.

"31 டப்பாவா?"

"ஆமா. அதுல ஏழு என்னோடது. அதையும் சேர்த்துத்தான்."

"அப்ப இன்னும் 11,300." கணக்கு அவருக்கு மறக்கல. "மிச்சம் 12 டப்பா எங்க?"

"ஆத்தோட போச்சு அத்தான்."

பணத்தைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார். "புன்னைக்காயல்ல எவனாச்சும் எடுத்து வண்டியில ஊத்தியிருப்பான்"ன்னார். "பாவம், அவனுக்குக் கிளட்ச் வழுக்கும்."

அக்கா உள்ள இருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டா.